மாதவிடாய்ச் சுழற்சியும் வலிப்பு நோயும்: பால் இயக்குநீர் பற்றிய மருத்துவச் சிந்தனையின் வரலாறு (1857–2012)

ஆய்வுச்சுருக்கம்

பெண்களுள் ஒரு பகுதியினருக்கு மாதவிடாய் நாள்களை ஒட்டி வலிப்பு மிகுகிறது என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. இந்த ஒரே செய்திக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 21ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெவ்வேறு விளக்கங்கள் தரப்பட்டன. பாலுணர்ச்சியின் மிகுதி, சூலகத்தின் கோளாறு, இயக்குநீர்களின் ஏற்றத்தாழ்வு என்று அவ்விளக்கங்கள் மாறிவந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நோய் மிகும் காலத்தை நோயின் காரணமாகக் கொண்டதால் நேர்ந்த பிழைகளையும், நாள்வாரிப் பதிவும் குருதி அளவீடும் அப்பிழைகளைத் திருத்திய முறையையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வலிப்பு நோய், மாதவிடாய், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், புரோமைடு, காபா ஏற்பி, மருத்துவ வரலாறு.

முன்னுரை

தமிழில் ‘காக்காய் வலிப்பு’ என்று வழங்கும் சொல், ‘கால் கை வலிப்பு’ என்பதன் திரிபு என்பர். காலும் கையும் வெட்டி இழுப்பதைக் கண்ணால் கண்ட மக்கள், கண்டதையே நோயின் பெயராக்கினர். சொல் திரிந்தபின் காக்கைக்கும் நோய்க்கும் தொடர்பு கற்பிக்கும் கதைகள் பிறந்தன. கண்டதைப் பெயராக வைப்பதில் தவறில்லை. பெயரிலிருந்து காரணத்தை வருவித்துக்கொள்வதில்தான் சிக்கல் தோன்றுகிறது. மாதவிடாய்க்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய மருத்துவச் சிந்தனையும் இத்தகைய சிக்கல் ஒன்றில் நெடுங்காலம் அகப்பட்டிருந்தது.

மாதவிடாய்ச் சுழற்சியின் குறிப்பிட்ட நாள்களில் மிகும் வலிப்பை மேலை மருத்துவர் ‘கேட்டமீனியல் எபிலெப்சி’ என்பர். ‘மாதந்தோறும்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இக்கட்டுரையில் அது ‘மாதச்சுழற்சி வலிப்பு’ எனக் குறிக்கப்படுகிறது. ‘ஹார்மோன்’ என்பதற்கு இணையாக ‘இயக்குநீர்’ என்ற சொல் ஆளப்படுகிறது.

1. திங்களும் வலிப்பும்

தமிழில் ‘திங்கள்’ என்னும் சொல் நிலவையும் மாதத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. கிரேக்க மொழியிலும் மாதத்தைக் குறிக்கும் சொல்லும் நிலவைக் குறிக்கும் சொல்லும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை. நிலவின் வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்ப வலிப்பு வரும் என்ற நம்பிக்கை பண்டைய மத்தியதரைக்கடல் நாடுகளில் பரவியிருந்தது. மத்தேயு நற்செய்தியில் வலிப்புற்ற சிறுவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு ‘நிலவால் தாக்குண்டவன்’ என்பதே நேர்ப்பொருள். இதற்கு முன்பே, இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் ‘புனித நோய் குறித்து’ என்னும் நூல், வலிப்பைத் தெய்வச் செயலாகக் கருதுவதை மறுத்து, அதன் இருப்பிடம் மூளை என்று வாதிட்டது.

ஆகவே, ‘வலிப்பு ஏன் குறிப்பிட்ட கால இடைவெளியில் வருகிறது?’ என்ற வினா மிகப் பழையது. நிலவைச் சார்ந்த விடை செல்வாக்கு இழந்தபின் பெண்ணின் உடல் அந்த இடத்தைப் பெற்றது. இம்மாற்றம் 19ஆம் நூற்றாண்டு இலண்டனில் தெளிவாகப் புலப்படுகிறது.

2. 1857: தவறான காரணத்தால் கிடைத்த சரியான மருந்து

1857ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் இலண்டன் அரச மருத்துவ அறுவையியல் கழகத்தின் கூட்டத்தில் எட்வர்டு சீவ்கிங் 52 வலிப்பு நோயாளிகளைப் பற்றிய ஆய்வுரையை அளித்தார். அதைத் தொடர்ந்த உரையாடலில் கழகத்தின் தலைவர் சார்லஸ் லோகாக் தம் பட்டறிவைப் பகிர்ந்துகொண்டார். லோகாக் நரம்பியல் மருத்துவர் அல்லர்; விக்டோரியா அரசியாரின் மகப்பேற்று மருத்துவர். பொட்டாசியம் புரோமைடு ஆண்களுக்குத் தற்காலிகமாக ஆண்மைக் குறைவை ஏற்படுத்துவதாக ஜெர்மானியர் ஒருவர் எழுதியதை அவர் படித்திருந்தார். மாதவிடாயுடன் தொடர்புடையதாகவும், ‘ஹிஸ்டீரியா’ சார்ந்ததாகவும் தாம் கருதிய வலிப்புக்கு அதே மருந்தைக் கொடுத்தார். 14 அல்லது 15 பெண்களுள் ஒருவரைத் தவிர மற்றவர் அனைவரும் பயனடைந்ததாக அவர் கூறினார்.

அவருடைய வாதத்தின் படிநிலைகளைப் பின்வருமாறு பிரித்துக் காணலாம்: (அ) வலிப்பு மாதவிடாய் நாள்களில் மிகுகிறது, (ஆ) மாதவிடாய் இனப்பெருக்க உறுப்புகளின் கிளர்ச்சி, (இ) அக்கிளர்ச்சி பாலுணர்ச்சியோடு தொடர்புடையது, (ஈ) பாலுணர்ச்சியைத் தணிக்கும் மருந்து வலிப்பையும் தணிக்கும். இவற்றுள் முதற்கூற்று மட்டுமே கண்டறியப்பட்ட உண்மை. மற்றவை அக்காலத்து ஒழுக்கக் கருத்துகள் மருத்துவ மொழியில் வெளிப்பட்டவை.

ஆயினும் மருந்து வேலை செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் இலண்டன் மருத்துவர்கள் ஆண்களுக்கும், மாதவிடாயோடு தொடர்பற்ற வலிப்பு உடையோருக்கும் புரோமைடைக் கொடுத்துப் பயன் கண்டனர். மருந்தின் ஆற்றலுக்குப் பாலுணர்ச்சி அடிப்படையன்று என்பது இதனால் தெளிவாகியிருக்க வேண்டும். ஆனால், மருந்து பரவிய வேகத்தில் அதன் பின்னிருந்த கோட்பாடு மறுஆய்வுக்கு உள்ளாகவில்லை. 1912இல் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் ஃபீனோபார்பிட்டாலை அறிமுகப்படுத்தும் வரை வலிப்புக்கு முதன்மையான மருந்தாகப் புரோமைடே விளங்கியது. அம்மருந்து உடலைவிட்டு நீங்கப் பல நாள்கள் ஆகும். எனவே தொடர்ந்து உண்டோர் தோல் கொப்புளம், சோர்வு, மனக்குழப்பம் முதலிய நச்சு விளைவுகளுக்கு ஆளாயினர்.

3. உறுப்பை நீக்கும் காலம்

காலத்தைக் காரணமாகக் கொள்ளும் பிழை மருந்தோடு நின்றிருந்தால் அதன் தீங்கு சிறிதாக இருந்திருக்கும். அது அறுவைக்கூடத்திலும் நுழைந்தது. இலண்டன் அறுவை மருத்துவர் ஐசக் பேக்கர் பிரவுன் 1866இல் வெளியிட்ட நூலில் பெண்களின் வலிப்பு, ஹிஸ்டீரியா, மனநோயின் சில வகைகள் ஆகியவற்றுக்குப் பெண்குறிக் காந்தை அகற்றுவதே தீர்வு என்று வாதிட்டார். இவ்வறுவையை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் முழுமையாகத் தெரிவிக்காமல் செய்தார் என்ற கடுமையான குற்றச்சாட்டு எழுந்தது. 1867இல் இலண்டன் மகப்பேற்றியல் கழகம் அவரை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்பவர் 1872இல் நோயற்ற சூலகங்களை அகற்றும் அறுவையை மேற்கொண்டார். ‘பேட்டி அறுவை’ எனப் பெயர்பெற்ற இம்முறை மாதவிடாய் வலி, மனநோய், வலிப்பு எனப் பல நிலைகளுக்குக் கையாளப்பட்டது. பேக்கர் பிரவுனின் அறுவை கண்டிக்கப்பட்டதுபோல இது உடனே கண்டிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. சூலகம் மாதச் சுழற்சியை ஆள்கிறது என்ற கருத்து உடலியல் நோக்கில் பிழையன்று. ஆயினும், சுழற்சியோடு தொடர்புடைய நோயின் பிறப்பிடம் சூலகமே என்று முடிவுகட்ட அது போதிய சான்றாகாது.

இதே காலத்தில் வேறொரு மரபும் வளர்ந்தது. இலண்டன் குயின் சதுக்கத்து மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் கோவர்ஸ் 1881இல் வெளியிட்ட வலிப்பு நோய் நூலில் ஏராளமான நோயாளிகளின் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். பெண் நோயாளிகளுள் குறிப்பிடத்தக்க பகுதியினருக்கு மாதவிடாய்க் காலத்தில் வலிப்பு மிகுவதை அவர் பதிந்தார். பாலுணர்ச்சிக் கோட்பாட்டிலிருந்து விலகி எண்ணிக்கையின் வழியே நோயை அணுகும் போக்கை இங்குக் காண்கிறோம்.

4. இயக்குநீர்கள் கண்டறியப்படுதல்

சூலகம் ‘கிளர்ச்சி’யால் அன்றி வேதிப்பொருள்களால் உடலை ஆள்கிறது என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. 1929இல் அமெரிக்காவில் எட்வர்டு டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனான்டும் ஈஸ்ட்ரோனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். 1934இல் புரோஜெஸ்டிரோனும் 1935இல் டெஸ்டோஸ்டிரோனும் தூய நிலையில் கிடைத்தன. கருமுட்டை வெளிப்பட்டபின் சூலகத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. கருத்தரிப்பு நிகழாவிடில் அது சுருங்கிவிடுவதால் புரோஜெஸ்டிரோனின் அளவு விரைந்து வீழ்ந்து மாதவிடாய் வருகிறது என்பது விளங்கிற்று.

வலிப்பு ஆய்வைப் பொறுத்தவரை திருப்புமுனை எதிர்பாராத இடத்தில் தோன்றியது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆய்வு செய்துவந்த ஹான்ஸ் செல்யே, புரோஜெஸ்டிரோனை மிகுந்த அளவில் எலிகளுக்குச் செலுத்தினால் அவை மயக்க நிலையை அடைவதை 1941இல் அறிவித்தார். அடுத்த ஆண்டில், வலிப்பைத் தூண்டும் பென்டிலீன்டெட்ரசோல் என்னும் வேதிப்பொருளின் விளைவை இத்தகைய ஸ்டீராய்டுகள் எதிர்க்கின்றன என்றும் காட்டினார். இனப்பெருக்கத்துக்கு மட்டும் உரியதெனக் கருதப்பட்ட ஒரு பொருள் மூளையின் மீது நேரடியாகச் செயற்படுகிறது என்பதற்கு இது முதன்மையான சான்று. ஆனால் வலிப்பு மருத்துவர்கள் இதன் முழுப்பொருளையும் உணர்ந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

5. பதிவேடும் அளவீடும்

1956இல் ஜான் லெயிட்லா ‘லான்செட்’ இதழில் மாதச்சுழற்சி வலிப்பு குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நோயாளர் இல்லத்தில் தங்கியிருந்த 50 பெண்களின் நீண்டகாலப் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். கார்பஸ் லூட்டியம் செயற்படும் நாள்களில் வலிப்பு குறைவதும், புரோஜெஸ்டிரோன் வீழும் மாதவிடாய் நாள்களில் வலிப்பு மிகுவதும் அப்பதிவுகளில் தெரிந்தன. எனவே, புரோஜெஸ்டிரோனுக்கு வலிப்பைத் தடுக்கும் ஆற்றல் இருக்கலாம் என்று கருதினார். ‘மாதவிடாய் வலிப்பைத் தூண்டுகிறது’ என்ற பழைய கூற்று, ‘ஒரு காப்புப்பொருள் விலகும்போது வலிப்பு வெளிப்படுகிறது’ என்ற புதிய கூற்றாக மாறியது இங்கேதான். இம்மாற்றத்துக்கு வழிவகுத்தது புதிய கருவி எதுவுமன்று. நாள்தோறும் தவறாமல் எழுதப்பட்ட பதிவேடு.

1959இல் லோகோதெடிஸும் உடன் ஆய்வாளர்களும் மறுபக்கத்தை ஆராய்ந்தனர். 16 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலவையை நரம்பு வழியே செலுத்தி மூளை மின்னலைகளைப் பதிந்தனர். 11 பேரிடம் வலிப்பு சார்ந்த மின்னலைகள் மிகுந்தன. 4 பேருக்கு வலிப்பே வந்தது. வலிப்பைத் தூண்டக்கூடும் என்று கருதிய பொருளை நோயாளிகளுக்கே செலுத்திப் பார்க்கும் இத்தகைய சோதனை, இன்றைய ஆய்வு நெறிமுறைகளின்கீழ் எளிதில் ஒப்புதல் பெறாது. ஈஸ்ட்ரோஜனின் தூண்டும் இயல்புக்கு அடிக்கடி காட்டப்படும் இச்சான்றின் பின்னணியில் அப்பெண்கள் ஏற்ற இடரும் உள்ளது என்பதை வரலாற்றாய்வு மறக்கலாகாது.

சுவீடனின் டோர்பியோன் பேக்ஸ்ட்ராம் 1976இல் ஏழு பெண்களின் குருதியில் இவ்விரு இயக்குநீர்களையும் அளந்தார். ஈஸ்ட்ரோஜனின் அளவைவிட, புரோஜெஸ்டிரோனோடு ஒப்பிட அது பெறும் விகிதமே வலிப்பின் எண்ணிக்கையோடு பொருந்துவதாக அறிவித்தார். 1984இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஏழு பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோனை நரம்பு வழியே செலுத்தியபோது நால்வரிடம் வலிப்பு சார்ந்த மின்னலைகள் குறைந்தன. நோயாளிகளின் எண்ணிக்கை சிறிதாயினும், லெயிட்லாவின் ஊகம் இப்போது அளவீட்டின் துணையைப் பெற்றது.

6. மூளைக்குள் நிகழ்வது

விலங்காய்வுகள் இதே காலத்தில் உறுதுணையான முடிவுகளைத் தந்தன. 1968இல் தெராசாவாவும் டிமிராசும் எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சிக்கு ஏற்ப மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் வலிப்பைத் தூண்டத் தேவையான அளவு மாறுவதைக் காட்டினர். 1990இல் கேத்தரின் வூலி, புரூஸ் மக்கீவன் முதலியோர் அப்பகுதியின் நரம்பணுக் கிளைகளில் உள்ள நுண்முட்களின் அடர்த்தி ஈஸ்ட்ரோஜன் அளவைப் பின்பற்றிச் சில நாள்களுக்குள் கூடிக் குறைவதை வெளியிட்டனர். முதிர்ந்த மூளையின் அமைப்பு நிலையானது என்று கருதப்பட்ட காலத்தில், ஒரு சுழற்சிக்குள்ளேயே அது மாறுகிறது என்பது வியப்புக்குரிய முடிவாகும்.

புரோஜெஸ்டிரோன் எவ்வாறு செயற்படுகிறது என்ற வினாவுக்கு 1986இல் மயெவ்ஸ்காவும் உடன் ஆய்வாளர்களும் ‘சயன்ஸ்’ இதழில் விடை அளித்தனர். உடலுக்குள் புரோஜெஸ்டிரோன் சிதைந்து உருவாகும் அல்லோபிரக்னனோலோன், மூளையின் அமைதிப்படுத்தும் வாயிலான காபா ஏற்பியின்மீது பார்பிட்டுரேட் மருந்துகளைப் போலச் செயற்படுகிறது என்று அவர்கள் காட்டினர். இவ்வேற்பி திறக்கும்போது குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் நுழைந்து அதன் கிளர்ச்சியைத் தணிக்கின்றன. 1998இல் ஷெரில் சுமித்தும் உடன் ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில், இப்பொருள் திடீரென விலகும்போது எலியின் காபா ஏற்பியின் உட்கூறுகளே மாறி மூளை எளிதில் கிளர்ச்சியுறுவதை விளக்கினர். மாதவிடாய் நாள்களில் நேர்வது ஒருவகை ‘மருந்து விலகல்’ நிலை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

இங்கு ஒரு வரலாற்றுப் பொருத்தம் கருதத்தக்கது. புரோமைடு அயனிகளும் இதே குளோரைடு வாயில் வழியே நுழைந்து நரம்பணுவின் கிளர்ச்சியைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது. ஃபீனோபார்பிட்டாலும் இதே ஏற்பியின்மீது செயற்படுகிறது. ஆக, பாலுணர்ச்சியைத் தணிப்பதாக எண்ணி லோகாக் கொடுத்த மருந்தும், அவர் நோயாளிகளின் உடல் மாதந்தோறும் தானே சுரந்து இழந்த பொருளும் ஒரே வாயிலில் செயற்பட்டன எனலாம். அவருடைய விளக்கம் பிழையாயிற்று. அவர் கண்ட பயன் பிழையாகவில்லை.

7. மூவகைப் பாகுபாடும் 2012 ஆய்வும்

1997இல் ஆண்ட்ரூ ஹெர்சாக், கிளைன், ரான்சில் ஆகியோர் 184 பெண்களின் பதிவுகளைக் கொண்டு மாதச்சுழற்சி வலிப்பை மூன்றாகப் பகுத்தனர். மாதவிடாய்க்கு மூன்று நாள் முன்பிருந்து அதன் மூன்றாம் நாள்வரை மிகுவது முதல்வகை. கருமுட்டை வெளிப்படும் நாள்களை ஒட்டி, ஈஸ்ட்ரோஜன் உயரும்போது மிகுவது இரண்டாம்வகை. புரோஜெஸ்டிரோன் போதிய அளவு சுரக்காத சுழற்சிகளின் பிற்பாதி முழுவதும் மிகுவது மூன்றாம்வகை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டது. மீதமுள்ளோரின் வலிப்பு சுழற்சியைப் பின்பற்றவில்லை என்பதும் இதனால் பெறப்படும். ‘பெண்ணின் வலிப்பு’ என்று அனைவரையும் ஒன்றாகக் கருதிய 19ஆம் நூற்றாண்டு நோக்கு இங்கு முறிகிறது.

இப்பாகுபாட்டின் மீது எழுந்ததே புரோஜெஸ்டிரோன் மருத்துவத்தைச் சோதித்த பெரிய ஆய்வு. ஹெர்சாக்கின் தலைமையில் நடந்து 2012இல் வெளியான இதில் 294 பெண்கள் பங்கேற்றனர். சுழற்சியின் பிற்பாதியில் சிலருக்குப் புரோஜெஸ்டிரோனும் சிலருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. ஒட்டுமொத்தமாக நோக்கியபோது இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மாதவிடாய் நாள்களில் வலிப்பு மூன்று மடங்கோ அதற்கு மேலோ மிகும் பெண்களிடம் பயன் தென்பட்டது. இவ்வாய்வைத் தோல்வி என்றோ வெற்றி என்றோ கூறுவது எளிது. இரண்டும் முழுமையான மதிப்பீடாகா. முன்கூட்டி வகுத்த வினாவுக்கு ‘இல்லை’ என்பதே விடை. உட்குழுவில் தென்பட்ட பயன், அக்குழுவினரிடம் மட்டும் மீண்டும் சோதிக்கப்படவேண்டிய கருதுகோள்.

8. இருவழித் தொடர்பு

இயக்குநீர் வலிப்பைப் பாதிப்பது போலவே வலிப்பும் அதன் மருந்துகளும் இயக்குநீரைப் பாதிக்கின்றன. ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால் ஆகியவை கல்லீரல் நொதிகளைத் தூண்டிக் கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கின்றன. மறுதலையாக, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை லமோட்ரிஜினின் குருதி அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கக்கூடும். 1993இல் பின்லாந்தின் இசோயார்வியும் உடன் ஆய்வாளர்களும், வால்புரோயேட் உண்ணும் பெண்களிடம் சூலக நீர்க்கட்டிகளும் ஆண்பால் இயக்குநீர் மிகுதியும் கூடுதலாகக் காணப்படுவதை அறிவித்தனர்.

ஆண்களும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானவர் அல்லர். டெஸ்டோஸ்டிரோன் மூளையில் ஒருபுறம் ஈஸ்ட்ரோஜனாகவும், மறுபுறம் காபா ஏற்பியின் வழியே அமைதிப்படுத்தும் ஆண்ட்ரோஸ்டேன்டையோலாகவும் மாறுகிறது. நொதிகளைத் தூண்டும் மருந்துகள் ஆண்களின் செயற்படு டெஸ்டோஸ்டிரோன் அளவைக் குறைக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டு ஆய்வுகள் பெண்ணுடலை மட்டுமே ‘இயக்குநீரால் ஆளப்படும் உடலாக’ நோக்கியதால், ஆண்களைப் பற்றிய அறிவு இன்றும் ஒப்பளவில் குறைந்தே உள்ளது.

9. இந்தியச் சூழல்

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. இந்து திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தமே அச்சொல்லை நீக்கியது. சட்டம் விலகியபின்னும் பெண்ணின் வலிப்பைத் திருமணப் பேச்சின்போது மறைப்பதும், மறைப்பதற்காக மருந்தை நிறுத்துவதும் நம் சமூகத்தில் நிகழ்கின்றன. மறைக்கப்படும் நோய்க்கு நாள்வாரிப் பதிவேடு இருக்க முடியாது. பதிவேடு இல்லையெனில் முன்னர்க் கூறிய மூவகையுள் எதையும் மருத்துவரால் கண்டறிய இயலாது. இந்நிலையில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998 முதல் நடைபெறும் கேரள வலிப்பு–கருவுறுதல் பதிவகம், வலிப்புள்ள பெண்களின் கருவுறுதலையும் குழந்தைகளின் நலத்தையும் தொடர்ந்து பதிந்துவருவது குறிப்பிடத்தக்க முயற்சியாகும்.

முடிவுரை

இக்கட்டுரையின்வழிப் பெறப்படும் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

- மாதவிடாயை ஒட்டி வலிப்பு மிகுகிறது என்ற செய்தி 1857க்குப் பின் மாறவில்லை. அதற்குத் தரப்பட்ட விளக்கமே மாறியது.
- நோய் மிகும் காலத்தை நோயின் காரணமாகக் கொண்ட பிழை, ஒரு பயனுள்ள மருந்தையும் பல தீங்கான அறுவைகளையும் ஒருசேரத் தந்தது. எனவே, மருத்துவத்தின் பயனை மட்டும் கொண்டு அதன் கோட்பாட்டை மெய்ப்பிக்க இயலாது.
- அப்பிழையைத் திருத்தியதில் ஆய்வகக் கண்டுபிடிப்புகளுக்கு நிகராக நோயாளிகளின் நாள்வாரிப் பதிவுகளுக்கும் பங்குண்டு. லெயிட்லாவின் கட்டுரையும் 1997ஆம் ஆண்டு மூவகைப் பாகுபாடும் அத்தகைய பதிவுகளின்மேல் எழுந்தவை.
- வலிப்புள்ள பெண்களுள் ஒரு பகுதியினருக்கே இயக்குநீர்ச் சுழற்சி முதன்மையானது. அப்பகுதியினர் யாவர் என்பதை அவரவர் பதிவேடே காட்டும்.

வலிப்பு வந்த நாளையும் மாதவிடாய் தொடங்கிய நாளையும் ஒரே நாள்காட்டியில் குறிக்கச் செலவு எதுவும் இல்லை. ஆனால் அந்த நாள்காட்டி வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் தொங்கவேண்டுமானால், நோயைப் பற்றிய அச்சம் முதலில் அகலவேண்டும். இயக்குநீர் பற்றிய அறிவைத் தமிழில் எழுதிப் பரப்புவது அதற்குரிய பணிகளுள் ஒன்றாகும்.